முன்பாரம்

வலன்ரைன் தன் மருமகள் அனோஜினிக்கு ஏழாயிரத்து இருநூறு டொலர் கடன்பட்டிருந்தார்.

வங்கிக்குக் கடன்பட்டவனுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் தலைகுனிவு. கடைக்காரனுக்குக் கடன்பட்டவன் அடுத்த தெருவால் சுற்றிப் போகலாம். மருமகளுக்குக் கடன்பட்டவன் எந்தத் தெருவால் போவது? காலைத் தேத்தண்ணீரும் அவள் கையால், பின்னேரச் சோறும் அவள் கையால். அவளோ ஒரு நாளும் அந்தக் காசைப் பற்றி வாய் திறந்ததில்லை. கேட்டிருந்தால் கோபப்படலாம். கேட்காதவளிடம் என்னத்தைக் கோபப்படுவது?

எழுத்து வாசிப்புக் குறைந்த மனுசன்தானே என்று வலன்ரைனை யாரும் குறைத்து எண்ணிவிடக் கூடாது. மன்னார் பேசாலையில் ஐந்தாம் வகுப்போடு வள்ளம் ஏறியவர். இருபத்துநாலு வயதில் மொன்றியலுக்கு வந்து கோட்-டெ-நெய்ஜில் ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் கோப்பை கழுவத் தொடங்கினார். படித்தவர்கள் பலர் இன்றைக்கும் வாடகை கட்டிக்கொண்டிருக்க, கோப்பை கழுவின அந்தக் கையாலேயே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கினார். இரண்டு தம்பிமாரைக் கூப்பிட்டார், ஒரு தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தார். பிரெஞ்சு என்றால் ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும்தான் தெரியும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் ஒருவரிடமும் தலை சொறியாமல் நின்றவர்.

மனைவி கண்ணை மூடிய பிறகு வீட்டில் மகன் றெக்ஸ், மருமகள் அனோஜினி, நாலு வயதுப் பேத்தி ஜெயனி. றெக்ஸ் வன்கூவர் மட்டும் போய் வருகிற பெரிய லொறி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. அனோஜினி ஆஸ்பத்திரியில் நோயாளரைக் கழுவித் துடைத்துத் தூக்கி விடுகிற வேலை, அதுவும் இரவு வேலை. பிள்ளை எழும்புகிற நேரம் அவள் படுப்பாள், அவள் எழும்புகிற நேரம் பிள்ளை படுத்துவிடும். அதனால் அவளுக்கு ஒரு எண்ணம் இருந்தது. வீட்டின் கீழ்த்தளத்தில் சின்னதாய் ஒரு கார்டெறி, பகலில் பிள்ளைகளைப் பார்க்கிற இடம், நடத்தவேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேரைப் பார்த்தால் தன் பிள்ளையையும் தானே பார்த்ததாகும், சம்பளமும் வரும். படிப்பை முடித்துச் சான்றிதழும் எடுத்துவிட்டாள். யன்னலைப் பெருப்பிக்கவும் வளவுக்கு வேலி போடவும் காசு வேண்டும் என்று சீட்டுக் கட்டினாள். அந்தச் சீட்டுக் காசுதான் மாமாவின் கடனாய்ப் போனது.

எப்படிப் போனது என்று சொல்லவேண்டும்.

கையும் காலும் சும்மா இருக்க மாட்டாத மனுசன், ஓய்வெடுத்த கையோடு பழைய பிக்கப் ஒன்று வாங்கினார். அரைத் தொன் வண்டி. பேர்தான் அரைத் தொன், கிட்டத்தட்ட முக்கால் தொன் ஏறும். மாரியில் அதன் முன்னுக்குத் தட்டைப் பூட்டிப் பனி தள்ளினார். கோடையில் பின்னுக்கு றெயிலரைக் கொளுவிச் சாமான் ஏற்றினார். வண்டி பதினோராயிரம் றாத்தல் இழுக்கும் என்று விற்றவன் சொன்னதைப் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் எல்லாம் சொல்லித் திரிந்தார். புரோசார்ட்டில் இருந்து பூசைக்கு வருகிற தேவதாசன் கன பாரம் இழுக்கிற ஒரு தொன் டீசல் வண்டி வாங்கியபோது, எல்லோருக்கும் கேட்க, கறிவேப்பிலை கொண்டுவர யானை வாங்கின மனுசன் என்று சொன்னவரும் வலன்ரைன்தான். சபை சிரித்தது. தேவதாசன் சிரிக்கவில்லை.

யூலை முதலாம் திகதி இந்த மாகாணத்தில் பாதிச் சனம் வீடு மாறும். அன்றைக்குச் சாமான் ஏற்றுகிறவனுக்கு அதுதான் நத்தாரும் பெருநாளும். போன வருடம் அந்த நாளில், கோட்-டெ-நெய்ஜில் இருந்து ஒரு குடும்பத்தின் சாமான் முழுவதையும் வலன்ரைன் ஒரே தடவையில் ஏற்றினார். உறைபெட்டி, அடுப்பு, அரிசி மூட்டை, மாவரைக்கிற இயந்திரம் என்று பாரமான எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத் தானே அடுக்கினார். மேம்பாலச் சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் றெயிலர் மெல்ல வாலை ஆட்டியது. பிறேக்கைத் தொட்டார். இன்னும் ஆட்டியது. பிறகு அது ஓட்டியது, அவர் இருந்தார். வண்டி குறுக்கே திரும்பித் தடுப்புச் சுவரில் போய் விழுந்தது. ஆளுக்கு ஒரு கீறல் இல்லை, மாதா காப்பாற்றினார். சாமான் முழுவதும் சாலையில். காப்புறுதிக்காரர் கூலிக்கு ஓடின வண்டிக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கையை விரித்தார்கள்.

காற்று அடித்தது என்றார் வலன்ரைன். பக்கத்தில் ஒரு பெரிய லொறி உரசிக்கொண்டு போனது என்றார். அனோஜினி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமை கழிவு போனாலும் பரவாயில்லை என்று சீட்டை முந்தி எடுத்து, உடைந்த சாமானுக்கும் உடைந்த வண்டிக்குமாகக் கட்டி முடித்தாள். கார்டெறிக் கதை அன்றோடு அந்த வீட்டில் நின்றது.

நின்றது என்று வலன்ரைன் விடவில்லை. ஒரு வருடமாய்ப் பனி தள்ளினார், குப்பை ஏற்றினார், ஆட்கள் எறிந்த சோபா தூக்கினார். கடனைத் துண்டு துண்டாய்க் கொடுப்பது மீனை நறுக்கிக் கடன்காரன் வாசலில் வைப்பது போல என்று அவருக்கு ஒரு எண்ணம். கொடுத்தால் முழுசாய்க் கொடுக்கவேண்டும். இந்தக் கோடை வந்தபோது ஐயாயிரத்து எண்ணூறு சேர்ந்திருந்தது. கார்டெறி அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்க்க ஐப்பசியில் ஆள் வரும் என்று கடிதமும் வந்தது. அதற்குள் யன்னலும் வேலியும் முடியாவிட்டால் அனோஜினியின் இடம் இன்னொருத்திக்குப் போய்விடும். அவள் கடிதத்தை மடித்துக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த நேரத்தில்தான் சமையற்காரர் அரியரத்தினம் கேட்டார். றிகோ மாதா மலைக்குத் தமிழர் யாத்திரை போகிற நாளுக்குத் தன் சமையல் றெயிலரை இழுத்துக்கொண்டு போய் வர ஆள் வேண்டும், ஆயிரத்து நானூறு டொலர் தருவேன் என்றார். வலன்ரைன் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். கடன் சரியாய் அடைபட்டது. மாதா மனக்கணக்கில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பின்னேரம் வண்டியைக் கழுவிக்கொண்டு நின்றபோது அனோஜினி வெளியே வந்தாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். கதவு நிலையில் ஒட்டியிருந்த சின்னத் தாளைக் குனிந்து வாசித்தாள். இத்தனை வருடமாய் அந்தத் தாளைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்தவர் வலன்ரைன். வாசித்தவர் அல்ல. ஆட்களும் சாமானும் சேர்த்து ஆயிரத்து நானூற்று இருபது றாத்தலுக்கு மேல் இந்த வண்டியில் ஏறக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

“ஆக்களுமோ?” என்றார் வலன்ரைன். ஆட்களை யார் நிறுத்து ஏற்றுகிறார்கள் என்பது அவருடைய நியாயம். ஒரு வண்டி ஒரு பக்கம் போகிறதென்றால் அதில் இடம் இருக்கிற அளவுக்கு ஆள் ஏறும். நம்முடைய சனத்தின் வழக்கம் அது.

அனோஜினி தொலைபேசியில் றெக்ஸைப் பிடித்தாள். அவன் தண்டர் பே தாண்டி எங்கேயோ டீசல் அடித்துக்கொண்டு நின்றான். றெயிலரின் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொளுக்கி வழியாய் வண்டியின் பின்புறத்தில் வந்து குந்தும் என்றான். சமையல் றெயிலர் சாமானோடு எண்ணாயிரத்து ஐந்நூறு றாத்தல் வரும். அப்படியென்றால் கொளுக்கியில் மட்டும் எண்ணூற்றைம்பது, கொஞ்சம் கூடினால் ஆயிரம். மிச்சம் நானூறில் வலன்ரைனே அரைவாசி. கூட வருவதாய்ச் சொல்லியிருந்த இரண்டு சமையற்காரர், வண்டிப் பெட்டியில் ஏற்றுகிற கிடாரங்கள், அரிசி மூட்டைகள் எல்லாம் எங்கே போவது?

“மாமா, உந்த வண்டி இழுக்கும். ஆனா சுமக்காது.”

“சுமக்கிறது றெயிலரின்ர சில்லு, பிள்ளை. நான் இழுக்கிறது மட்டும்தான்.”

“றெக்ஸ் சொன்னது கேட்டதுதானே. ஒரு பங்கு உங்கட முதுகிலதான்.” கதவை மெல்லச் சாத்தினாள். “எனக்கு அந்தக் காசு வேண்டாம் மாமா. அதை விட்டிட்டன். நீங்கள் முழுசா வீட்டை வந்தாக் காணும்.”

அவள் அன்பாய்த்தான் சொன்னாள். அவருக்கு அது முகத்தில் உப்புத் தண்ணீர் அடித்தது போல் இருந்தது. பேசாலையில் வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி, ‘கடனை விட்டிட்டன்’ என்று செத்தவன் வீட்டில்தான் சொல்லுவார். பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்று, பெண்சாதியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவார். உயிரோடு இருக்கிறவனிடம் அதைச் சொன்னால் அவனை இனி ஆளாய் எண்ணவில்லை என்றுதான் அர்த்தம். வலன்ரைன் கழுவின வண்டிக்குள் ஏறிக் குந்தினார். யன்னலால் அனோஜினி தெரிந்தாள். படியில் குந்தி, இரவு வேலைக்குப் போகிற சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். குனிந்த முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் கட்டினாள். நோயாளரைத் தூக்கித் தூக்கி அவளுக்கு நாரி போயிருந்தது. அதையும் அவள் சொன்னதில்லை.

அந்தப் பின்னேரமே அவர் ஆற்றைத் தாண்டிப் புரோசார்ட்டுக்குப் போனார்.

தேவதாசன் வளவில் புல்லு வெட்டிக்கொண்டு நின்றார். ஊரில், இளவாலையில், தோட்டம் செய்தவர். இங்கே மண் கிண்டுகிற இயந்திரங்களை இழுத்துக்கொண்டு திரிகிறவர். அவருடைய வண்டி வாசலில் நின்றது. அரைத் தொன்னுக்குப் பக்கத்தில் அது உண்மையாகவே யானைதான். பின் அச்சில் தடித்த வில்லுத் தகடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்று. வெறுமையாய் ஓடினால் குடலைக் குலுக்கும், டீசலைத் தண்ணீராய்க் குடிக்கும். ஆனால் நாலாயிரம் றாத்தலை முதுகில் வைத்தால்தான் அதற்கு நித்திரை வரும்.

வலன்ரைன் சுற்றி வளைக்கவில்லை. மருமகளின் கடனைச் சொன்னார், யாத்திரை றெயிலரைச் சொன்னார், பாதிக் கூலி தருகிறேன் என்றார். வாய்விட்டுக் கேட்டுப் பழகாத மனுசன். கேட்டு முடிக்கையில் காது சிவந்திருந்தது.

தேவதாசன் இயந்திரத்தை நிற்பாட்டினார். கையைத் துடைத்தார்.

“கறிவேப்பிலை எவ்வளவு இருக்கு, அண்ணை?”

வலன்ரைன் நிலத்தைப் பார்த்தார். “எண்ணாயிரத்து ஐந்நூறு றாத்தல், தம்பி.”

அதற்குப் பிறகு தேவதாசனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வலன்ரைனும் சிரித்துவிட்டார். பாதிக் கூலி எதற்கு, டீசலுக்குப் போட்டால் காணும், மிச்சத்தைப் பேந்து பார்ப்போம் என்றார் தேவதாசன். வலன்ரைன் ஒப்பவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் படுகிறவன் நான் இல்லை என்றார். பாதி என்றால் பாதி.

யாத்திரை நாள் விடியக் காலையில் அரியரத்தினத்தின் முற்றத்தில் றெயிலரை ஏற்றினார்கள். தண்ணீர்ப் பீப்பாக்கள், எரிவாயு உருளைகள், அரிசி, பருப்பு, கிடாரங்கள். ஏற்றுகிற வேலையை வலன்ரைன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சும்மா நிற்க அவரால் முடியாது. தண்ணீர்ப் பீப்பாக்களைப் பின்கதவோடு அடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். சமையற்காரர் இரண்டு பேரும் அடுக்கினார்கள்.

தேவதாசன் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பாரத்தை ஏன் பின்னுக்கு வைக்கிறீர்கள் என்று கேட்டார்.

“அணியம் இலேசா இருக்கவேணும் தம்பி. முன்தலை நிமிர்ந்து நிண்டாத்தான் அலை ஏறும்.”

சொன்ன வாயிலேயே ஏதோ இடறியது. இங்கே அலை எங்கே? பன்னிரண்டு வயதிலிருந்து வள்ளம் ஏற்றின கை அது. கேட்காமலே தன் பாட்டுக்குச் செய்தது.

தேவதாசன் கோப்பையைக் கீழே வைத்தார். “போன வருசமும் இப்பிடித்தான் ஏத்தினனீங்களோ, அண்ணை?”

வலன்ரைன் பின்கதவோடு நின்ற பீப்பாக்களைப் பார்த்தார். காற்றும் இல்லை, உரசிப் போன லொறியும் இல்லை. தன் கைதான்.

தேவதாசன் அதை வைத்து அவரைக் குத்தவில்லை. நல்ல மனுசன். மாட்டுவண்டிக் கதை சொன்னார். வண்டியில் பின்பாரம் ஏற்றினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும், மாடு கால் பாவாமல் அலையும். கொஞ்சம் முன்பாரம் இருந்தால்தான் நுகம் கழுத்தில் படிந்து இருக்கும், வண்டி நேரே போகும். றெயிலரும் வண்டிதான், வள்ளம் இல்லை.

அப்போதுதான் வலன்ரைனுக்கு முழுக் கணக்கும் வெளித்தது. பின்பாரம் வைத்தால் தன் அரைத் தொன் வாலாட்டும். முன்பாரம் வைத்தால் குந்திவிடும், முன்சில்லு தரையை இலேசாய்த்தான் தொடும், திருப்பினால் திரும்பாது. இரண்டு வழியாலும் அது அவருக்குக் காணாத வண்டி. பதினோராயிரம் இழுக்கும் என்று விற்றவன் சொன்னது பொய் இல்லை. எவ்வளவு சுமக்கும் என்று இவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பீப்பாக்களை இறக்கி முன்னுக்கு மாற்றினார்கள். கிடாரங்களும் அரிசியும் வண்டிப் பெட்டியில் ஏறின. றெயிலரைக் கொளுவியபோது ஒரு தொன் வண்டி பின்னால் ஒரு விரல் அளவு தாழ்ந்தது, பிறகு அசையவில்லை. தேவதாசன் திறப்பை வலன்ரைனின் கையில் வைத்தார். நீங்கள் ஓட்டுங்கோ, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றார்.

அந்த நேரம் அனோஜினி ஜெயனியோடு வந்து இறங்கினாள். இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தாள், வேலை உடுப்பும் மாற்றவில்லை. றெயிலரைச் சுற்றி நடந்து பார்த்தாள். கொளுக்கியைப் பார்த்தாள். பிறகு தேவதாசனின் வண்டிக் கதவு நிலையில் இருந்த தாளைக் குனிந்து வாசித்தாள்.

“நானும் வாறன் மாமா.”

“உன்னையும் நிறுத்துத்தான் ஏத்தவேணும்.”

“நிறுங்கோ. இதில எங்கட வீடு முழுக்க ஏறும்.”

பிள்ளையின் இருக்கையைப் பின்னால் பூட்டி, தானும் பக்கத்தில் ஏறினாள். சமையற்காரர் இரண்டு பேரும் அரியரத்தினத்தின் காரில் போனார்கள்.

நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கே போனார்கள். மொன்றியல் தீவை விட்டு வெளியேறுகிற நீளப் பாலத்தில் ஏறும்போது வாவியில் இருந்து குறுக்குக் காற்று அடித்தது. வலன்ரைனின் விரல்கள் ஓட்டு வளையத்தை இறுக்கின. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் றெயிலரைப் பார்த்தார். அது கயிற்றில் கட்டின கன்று போல ஒழுங்காய் வந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் தாழ்த்தினார். அனோஜினி நித்திரை. தலை யன்னலில் சாய்ந்திருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. போன வருடத்துக்குப் பிறகு அவர் ஓட்டுகிற வண்டியில் அவள் ஏறினதில்லை. ஏறினது இன்றைக்குத்தான். ஏறினவள் பாலத்தின் நடுவில் நித்திரையாகிவிட்டாள்.

வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த கார்க்காரன் யாரோ ஹோண் அடித்தான். அடிக்கட்டும். ஜெயனி, ஏன் தாத்தா மெல்லப் போகிறாய் என்று பிரெஞ்சில் கேட்டாள். அது மட்டும் அவருக்கு விளங்கியது. உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

மாதாவின் மலையடியில் ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள். அரியரத்தினம் கணக்கு முடித்தபோது, இந்தக் கோடைக்கு இன்னும் மூன்று திருவிழா இருக்கிறது, அதற்கும் நீங்களே வாருங்கள் என்றார். வலன்ரைன் எழுநூறைத் தேவதாசனின் சட்டைப் பையில் வைத்தார். அவர் எடுத்துத் திருப்பித் தர, இவர் திரும்ப வைக்க, இரண்டு கிழவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள் என்று சனம் பார்த்தது. கடைசியில் வலன்ரைன்தான் வென்றார். இன்னும் எழுநூறு குறை. ஆனால் தேவதாசனுக்கும் தோள்மூட்டு நோ, ஓட்ட ஆள் தேவை. மூன்று திருவிழாவிலும் பாதிப் பாதியாய் வந்தது குறைக்கு மேலாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் முன்பாரம் வலன்ரைன்தான் பார்த்து வைத்தார். இப்போது அதைப் பற்றிப் பூசை முடிந்த பிறகு யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

புரட்டாதி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. றெக்ஸும் வீட்டில் நின்றான், கீழ்த்தளத்தில் யன்னலுக்கு அளவெடுத்து ஆணி அடித்துக்கொண்டு. அனோஜினி குசினியில் மீன் கழுவினாள். வலன்ரைன் சட்டை மாற்றிச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“கையைத் துடைச்சிட்டு நீட்டு, பிள்ளை.”

அவர் கையில் இருந்த கடித உறையை அவள் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து அதை விட்டாள். கையைக் கழுவி, சேலைத் துண்டில் துடைத்து, வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள். உப்பும் மருந்தும் தின்ற கை, விரல் நுனிகள் வெடித்திருந்தன.

பேசாலையில் மீன் எண்ணுகிறவன் ‘ஒண்டு’ என்று தொடங்க மாட்டான். முதல் மீனுக்கு ‘லாபம்’ என்றுதான் சொல்லுவான். வலன்ரைன் கோப்பை கழுவின காலத்துச் சம்பளத்தையும் அப்படித்தான் எண்ணினவர். மண்ணிற நூறு டொலர்த் தாள் ஒன்றை எடுத்தார். இரண்டு பக்கமும் தடவி, அவள் கையில் வைத்தார்.

“லாபம்.”

அடுத்ததை வைத்தார். ரெண்டு. மூண்டு. நாலு. அவசரப்படவில்லை. நாற்பதைத் தாண்டியபோது ஒரு கை காணாமல் அவள் இடது கையையும் கீழே கொடுத்தாள். கீழ்த்தளத்தில் றெக்ஸின் சுத்தியல் சத்தம் நின்றது. ஜெயனி கதிரையில் ஏறி நின்று தாத்தாவோடு சேர்ந்து தமிழில் எண்ணிப் பார்த்து, அறுபதில் பிழைவிட்டு, திரும்பச் சேர்ந்துகொண்டாள். அனோஜினியின் கண் நிறைந்து ஒரு சொட்டு மேல் தாளில் விழுந்தது. அவர் காணாதவர் போல அதற்கு மேல் அடுத்த தாளை வைத்தார்.

எழுபத்தொண்டு.

கடைசித் தாள் கொஞ்சம் கசங்கியிருந்தது. அதைத் தன் தொடையில் வைத்து நீவி நேராக்கி, விரித்திருந்த அந்தக் கையில் வைத்தார்.

“எழுபத்திரண்டு.”